நோ-ஹடில் இவ்வளவு நல்லதென்றால் ஏன் எல்லா அணியும் முழு ஆட்டமும் அதையே ஆடுவதில்லை?

கேட்டவர்: வைட்_ரைட்

கொஞ்ச நாளாக யூடியூபில் அமெரிக்கக் கால்பந்தில் (என்எஃப்எல்) பழைய பஃபலோ பில்ஸ் அணியின் ஆட்டங்களாகத் தேடித் தேடிப் பார்க்கிறேன். ஒரு பிளே (ஒரு முறை பந்தை ஆடுவது) முடிந்ததும் அவர்களின் குவாட்டர்பேக் (தாக்குதலை நடத்துபவர்) ஜிம் கெல்லி ஆட்களை வட்டமாகக் கூட்டிப் பேசுவதே (ஹடில்) இல்லை, கோட்டில் நின்றபடி ஏதோ கத்துகிறார், அடுத்த ஸ்னாப் (பந்தைப் பின்னால் கொடுத்து பிளேயைத் தொடங்குவது) போய்விடுகிறது, எதிரணி டிஃபன்ஸ் (தடுக்கிற ஆட்கள்) அதற்குள் இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்குகிறது. 1991 ஜனவரியில் ரெய்டர்ஸை 51-3 என்று நொறுக்கியதைப் பார்த்தால் இதைத் தடுக்க வழியே இல்லை என்றுதான் தோன்றும். ஆனால் அடுத்த வாரமே இறுதி ஆட்டமான சூப்பர் பவுலில் ஜயன்ட்ஸிடம் 20-19 தோல்வி. கடைசியில் பில்ஸின் நார்வுட் உதைத்த பந்து கம்பத்துக்கு வெளியே போனது தெரியும், அதைப் பற்றி வேண்டாம். அவ்வளவு அடித்த அணி எப்படி 19-இல் நின்றது? அப்புறம், வேகமாக ஆடுவதுதான் வழி என்றால் இன்றைக்கு எல்லாரும் ஏன் கடைசி இரண்டு நிமிடத்துக்கு மட்டும் இதை எடுத்து வைத்திருக்கிறார்கள்?

நாலாவது_டவுன்

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். ஹடில் இல்லாமல் ஆடுவது வேறு, அவசரமாக ஆடுவது வேறு. கடைசி இரண்டு நிமிடத்தில் பார்ப்பது அவசரம். குவாட்டர்பேக் பெய்ட்டன் மானிங் ஹடிலுக்குப் போகாமல் நேராகக் கோட்டுக்கு வருவார், வந்துவிட்டு பிளே கிளாக் (அடுத்த ஸ்னாப்புக்கு உள்ள நேரம்) ஐந்து, நாலு என்று இறங்கும்வரை கையை ஆட்டிக்கொண்டே நிற்பார். அதில் அவசரம் எங்கே இருக்கிறது?

விஷயம் ஆள் மாற்றுவதில் இருக்கிறது. அஃபென்ஸ் (பந்து வைத்திருக்கிற அணி) ஒரு ஆளை மாற்றினால், டிஃபன்ஸும் பதிலுக்கு மாற்றிக்கொள்ள நேரம் கொடுக்க வேண்டும் என்பது விதி. அம்பயர் பந்துக்கு மேலேயே வந்து நின்றுகொள்வார், ஸ்னாப் எடுக்க முடியாது. நீங்கள் யாரையும் மாற்றவில்லை என்றால் அவர்களுக்கு அந்த நேரம் கிடையாது. மூன்றாவது டவுனில் (10 யார்டு போகக் கிடைக்கிற நான்கு முயற்சியில் மூன்றாவது) பாஸ் தடுக்க வைத்திருக்கிற ஸ்பெஷலிஸ்ட் பெஞ்சிலேயே உட்கார வேண்டியதுதான், ஓட்டத்தை அடைக்க வந்த 140 கிலோ ஆள் ஐந்தாவது பிளேயிலும் உள்ளேயே மாட்டிக்கொள்வார். பாதியில் ஓடிப்போக முயன்றால் களத்தில் 12 பேர் என்று கொடி விழும், 5 யார்டு.

இதற்கு அஃபென்ஸ் பக்கம் ஒரு நிபந்தனை உண்டு. அதே 11 பேர் ஓடவும் வேண்டும், பாஸும் பிடிக்க வேண்டும். பில்ஸிடம் அது இருந்தது. தர்மன் தாமஸ் ஓடுவார், ரிசீவர் மாதிரியும் பிடிப்பார். டைட் எண்ட் (லைனை ஒட்டி நின்று தடுக்கவும் பாஸ் பிடிக்கவும் செய்பவர்) கீத் மெக்கெல்லர் வேகமானவர், அவர் பெயரை ஒட்டித்தான் அந்த முறைக்கே கே-கன் என்று பெயர். கெல்லியே களத்தில் பிளே சொல்ல கோச் மார்வ் லெவி விட்டுவிட்டார். இந்த மூன்றும் ஒரே அணியில் அமைவது சாதாரணமில்லை.

சைட்லைன்_மாமா

நான் டெக்சஸில் ஒரு பள்ளி அணிக்கு வாரக்கடைசியில் உதவிக்குப் போகிறவன், அந்த அளவில் சொல்கிறேன். பிளேயை எப்படித் தெரிவிப்பது என்பதுதான் தலைவலி. என்எஃப்எல்லில் 1994 முதல் குவாட்டர்பேக் ஹெல்மெட்டுக்குள் கோச் குரல் கேட்கும், பிளே கிளாக்கில் 15 வினாடி இருக்கும்போது அது அறுந்துவிடும். எங்களுக்கு அதெல்லாம் கிடையாது. சைட்லைனில் மூன்று பையன்கள் நின்று கையாட்டுவார்கள், அதில் ஒருவன் காட்டுவதுதான் நிஜம், எவன் என்பது ஒவ்வொரு குவார்ட்டருக்கும் மாறும். இல்லையென்றால் மணிக்கட்டில் பிளேக்களை எண் போட்டு எழுதிய பட்டை கட்டி எண்ணைக் கத்துவோம். பையன் பட்டையைத் திருப்பிப் படித்து முடிப்பதற்குள் பத்து வினாடி போய்விடுகிறது, அப்புறம் என்ன வேகம்?

அதனால் வேகமாகப் போக வேண்டிய நேரத்துக்கு நாலைந்து பிளே மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். ஒரே சொல். அந்தச் சொல் கேட்டதும் யார் எங்கே நிற்பது, எந்தப் பக்கம் ஓடுவது, எந்த எண்ணிக்கையில் ஸ்னாப் என்று எல்லாம் முடிவாகிவிட வேண்டும். ரிசீவருக்குக் கேட்டால் போதாது, முன்வரிசையில் நிற்கிற லைன்மேன் ஐந்து பேருக்கும் கேட்க வேண்டும், வெளியூர் மைதானத்தில் அதுதான் முதலில் கெடும்.

ஒரு வேடிக்கை: ஹடிலே வந்தது சைகையை மறைக்கத்தான். 1890களில் காலடெட் என்ற காதுகேளாதோர் கல்லூரியில், எதிரணி தங்கள் சைகை மொழியைப் படித்துவிடக் கூடாதென்று வட்டமாக நின்றார்கள். இப்போது ஹடிலை விட்டவர்கள் எல்லாரும் மறுபடி சைகை திருடர்களுக்குப் பயப்படுகிறார்கள். கல்லூரி ஆட்டத்தில் 2024-இல் மேல்மட்ட அணிகளுக்கு ஹெல்மெட் ரேடியோ வந்ததற்கும் இந்தத் திருட்டு ஒரு காரணம்.

வைட்_ரைட்

ஆள் மாற்றுகிற கணக்கு இப்போதுதான் புரிகிறது, நன்றி. ஆனால் அந்த 19 பாயிண்ட் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லையே?

பன்ட்_போதும்

பந்து கையில் இருந்தால்தானே அடிப்பார்கள். அந்த சூப்பர் பவுலில் ஜயன்ட்ஸ் பந்தை வைத்திருந்தது 40 நிமிடம் 33 வினாடி, பில்ஸ் 20 நிமிடம்கூட இல்லை. இரண்டாம் பாதியை ஜயன்ட்ஸ் தொடங்கிய விதத்தைத் தனியாகப் பாருங்கள்: 14 பிளே, 75 யார்டு, ஒன்பதரை நிமிடம், கடைசியில் டச்டவுன். அவ்வளவு நேரமும் கெல்லி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்.

நோ-ஹடிலின் விலையே இதுதான், ஆனால் இதை விரும்பிகள் பேசவே மாட்டார்கள். மூன்று பிளேயும் தோற்று பன்ட் செய்தால் (பந்தை உதைத்து எதிரணிக்குக் கொடுத்தால்), வேகமாக ஆடுகிற அணிக்கு முழுசாக ஒரு நிமிடம்கூடக் கழிந்திருக்காது. அப்போதுதான் வெளியே வந்த உங்கள் டிஃபன்ஸ் தண்ணீர் குடிப்பதற்குள் மறுபடி உள்ளே போக வேண்டும். சிப் கெல்லி என்ற கோச் ஆரிகன் கல்லூரியில் இதை வைத்து எல்லாரையும் கலங்கடித்தார், என்எஃப்எல் அணியான ஈகிள்ஸுக்கு வந்து 2013, 2014 இரண்டிலும் 10-6 எடுத்தார், 2015 சீசன் முடிவதற்குள் வேலை போனது. காரணம் இது ஒன்றுதான் என்று சொல்லமாட்டேன், அவர் விற்றுத் தள்ளிய ஆட்டக்காரர்களின் பட்டியலும் பெரிசு. ஆனால் அந்த டிஃபன்ஸ் களைத்துப் போனதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

நாலாவது_டவுன்

பன்ட்_போதும் சொல்வது சரி, ஆனால் அது வேகத்தின் விலை, ஹடில் இல்லாததின் விலை அல்ல. மானிங் மாதிரி மெதுவாக ஆடினால் கடிகாரமும் ஓடும், எதிரணி ஆளும் மாற்ற முடியாது. அவர் இருந்த 2013 பிராங்கோஸ் 606 பாயிண்ட் எடுத்தது.

இன்னொன்று, டிஃபன்ஸும் சும்மா இருக்காது. யாராவது ஒருவர் திடீரென்று காலைப் பிடித்துக்கொண்டு விழுவார், ஆட்டம் நிற்கும், எல்லாரும் மூச்சு வாங்கிக்கொள்வார்கள். 1989 ஜனவரியில் பெங்கால்ஸின் நோ-ஹடிலை எதிர்த்துப் புகார் சொன்னதே லெவிதான்! அடுத்த ஜனவரியில் பில்ஸ் பிரவுன்ஸிடம் 34-30 தோற்ற ஆட்டத்தில் கெல்லி அவசர ஆட்டம் ஆடி 405 யார்டு பாஸ் அடித்ததைப் பார்த்த பிறகு, லெவியே அதை முழுநேர முறையாக்கிக்கொண்டார். கல்லூரி ஆட்டத்தில் 2025-இல் இந்த நடிப்புக்கு ஒரு கடிவாளம் போட்டார்கள்: பந்தை இடத்தில் வைத்த பிறகு ஆள் விழுந்து மருத்துவர் உள்ளே வந்தால் அந்த அணிக்கு ஒரு டைம்-அவுட் போகும்.

சைட்லைன்_மாமா

எங்கள் பையன்கள் யாரும் அப்படி நடிக்க வேண்டியதில்லை, செப்டம்பர் வெயிலில் நிஜமாகவே தசை பிடித்துக்கொள்ளும். அதனால் நாங்கள் ஒரு ஃபர்ஸ்ட் டவுன் (10 யார்டு கடந்து புதிதாக நான்கு முயற்சி) கிடைத்த பிறகுதான் வேகத்தைக் கூட்டுகிறோம். முதல் பிளேயை ஹடில் போட்டு நிதானமாக ஆடு, அந்த 10 யார்டை அளக்கிற சங்கிலி நகர்ந்ததும் அந்த ஒற்றைச் சொல்லைக் கத்து. எங்கள் டிஃபன்ஸுக்கும் உட்கார நேரம் கிடைக்கிறது.