கலிலியோவோட பெரிய ஆன்டனா கடைசி வரை விரியவே இல்லையாமே, அப்புறம் எப்படி போட்டோ வந்துச்சு?

ராத்திரிவானம்:
வணக்கம் மக்களே, ரெண்டு நாளா ஒரு சந்தேகம். வியாழனுக்குப் போற ஐரோப்பாவோட ஜூஸ் விண்கலம் 2023 ஏப்ரல்ல கிளம்பின கையோட அதோட 16 மீட்டர் ரேடார் ஆன்டனா ஒரு சின்ன பின் மாட்டிக்கிட்டதால விரியாம நின்னுடுச்சு, கலத்தை ஆட்டிப் பாத்தாங்க, வெயில்ல காட்டிப் பாத்தாங்க, கடைசில மே 12 அன்னிக்கு பக்கத்துல இருந்த ஒரு பூட்டைத் திறந்து விட்ட அதிர்ச்சில விரிஞ்சிடுச்சு. இதே வியாழனுக்கு முன்னாடி போன நாசாவோட கலிலியோவுல மெயின் ஆன்டனாவே மாட்டிக்கிச்சாம், அது கடைசி வரைக்கும் சரியாகவே இல்லயாம். இவங்க ஒரு மாசத்துல முடிச்சதை அவங்களால ஏன் முடியல? அந்த ஆன்டனா இல்லாம வியாழனோட நிலா யூரோப்பா போட்டோ எல்லாம் எப்படி அனுப்பினாங்க?

பழையரேடியோ:
தம்பி, அது சாதா டிஷ் இல்ல, குடை. 18 கம்பி, நடுவுல தங்க முலாம் பூசின வலைத்துணி, விரிஞ்சா 4.8 மீட்டர். மடக்கி வச்சிருக்கும்போது கம்பிகளை நடுத்தண்டோட பின் போட்டுப் பிடிச்சிருப்பாங்க, அந்தப் பின் உக்கார்ற இடத்துல மசகு பூசியிருக்கும். 1991 ஏப்ரல் 11 அன்னிக்கு விரிக்கச் சொல்லி கட்டளை போச்சு, மோட்டார் கொஞ்சம் சுத்திட்டு நின்னுடுச்சு. ஒரு பக்கத்துல சில கம்பி மட்டும் தண்டை விட்டு வரல, நம்ம குடைல ஒரு கம்பி துணில சிக்கினா ஒருபக்கமா கோணிக்கிட்டு நிக்குமே, அதே கதைதான்.

சும்மா விட்டுடல அவங்க. சூரியனுக்கு முதுகு காட்டி குளிர வச்சாங்க, திருப்பி சூடாக்கினாங்க, தண்டு சுருங்கி நீண்டா பின் நழுவும்னு ஒரு நப்பாசை. அப்புறம் மோட்டாரை விட்டு விட்டு ஆன் பண்ணி சுத்தியலால தட்டுற மாதிரி 13,000 தடவைக்கு மேல தட்டினாங்க. ம்ஹூம். ஜூஸ்ல கலத்துலயே கேமரா இருந்துச்சு, மாட்டின ஆன்டனாவைக் கண்ணால பாத்தாங்க. இங்க அந்தக் குடையைப் பாக்க கேமராவே கிடையாது, மோட்டார் எவ்ளோ கரண்ட் இழுத்துச்சு, சுத்துறப்ப எவ்ளோ தள்ளாடுதுன்னு வச்சு யூகிச்சதுதான் எல்லாம்.

ஆனா ஏன் மாட்டுச்சுங்கறதுதான் எனக்கு வயித்தெரிச்சல். கலிலியோ 1986 மே மாசம் விண்வெளி ஓடத்துல கிளம்ப வேண்டியது, ஜனவரி 28 சேலஞ்சர் ஓடம் விபத்துல சிக்கினதால தள்ளிப் போச்சு. கலிபோர்னியால இருந்து புளோரிடாவுக்கு லாரில போனது லாரிலயே திரும்பி வந்துச்சு, அப்புறம் மறுபடி லாரில புளோரிடா. அந்தக் குலுக்கல்ல பின் எல்லாம் தேய்ஞ்சு மசகு போயிடுச்சு, மறுபடி பூசல. வியாழன் வரைக்கும் போற வண்டிக்கு ரோட்டுலயே சேதாரம்!

தேனிக்காரன்:
லாரி மேலயே முழுப் பழியும் போட்டா எனக்கு ஒட்டலங்க. இதே வகை குடை ஆன்டனா நாசாவோட டிடிஆர்எஸ்ங்கற தகவல் தொடர்பு செயற்கைக்கோள்கள்ல ஒழுங்காத்தான் விரிஞ்சிருக்கு. கலிலியோ 1989 அக்டோபர் 18 கிளம்பி, நேரா வியாழனுக்குப் போகாம, ஈர்ப்பால வேகம் கூட்டிக்க வீனஸ் பக்கம் சுத்திட்டுப் போச்சு, ஏன்னா சேலஞ்சருக்கு அப்புறம் ஓடத்துல இருந்து அதை நேரா வியாழனுக்குத் தள்ள வேண்டிய சக்திவாய்ந்த மேல் அடுக்கு ராக்கெட்டை ரத்து பண்ணிட்டாங்க. வீனஸ் கிட்ட வெயில் ஜாஸ்தி, குடையை விரிச்சா கெட்டுடும்னு ஒண்ணரை வருஷம் மடக்கியே வச்சிருந்தாங்க. லாரி, வருஷக்கணக்கா காத்திருந்தது, இந்த ஒண்ணரை வருஷம், எல்லாம் சேந்துதான் ஆப்பு வச்சிருக்கு.

பழையரேடியோ:
அதுவும் சரிதான், லாரி மட்டும்னு நான் சொன்னது கொஞ்சம் ஓவர் 😀

கணக்குப்பிள்ளை:
ரெண்டாவது கேள்விக்கு நான் வரேன். குடை விரிஞ்சிருந்தா செகண்டுக்கு 1,34,000 பிட். விரியாததால இருந்த சின்ன ஆன்டனாவுல செகண்டுக்கு சுமார் 10 பிட்தான். பெரிய டிஷ் டார்ச் லைட் மாதிரி ஒரே பக்கம் குவிச்சு அடிக்கும், சின்னது குண்டு பல்பு மாதிரி நாலா பக்கமும் சிதறும், பூமிக்கு வர்றது துளியூண்டு.

இப்ப கணக்கு பாருங்க. ஒரு போட்டோ 800க்கு 800 புள்ளி, புள்ளிக்கு 8 பிட், மொத்தம் 51,20,000 பிட். பெரிய ஆன்டனான்னா 38 செகண்ட். 10 பிட்னா கிட்டத்தட்ட 6 நாள், ஒரே ஒரு போட்டோவுக்கு! அதனால குடையை அப்படியே விட்டுட்டு மத்த எல்லாத்தையும் மாத்தினாங்க. 1996ல புது சாப்ட்வேரை பூமில இருந்தே ஏத்தி, அங்கயே போட்டோவைச் சுருக்கி அனுப்ப வச்சாங்க. கீழ பூமில ஆஸ்திரேலியாவோட கான்பெரா, பார்க்ஸ், அமெரிக்காவோட கோல்ட்ஸ்டோன் டிஷ் எல்லாத்தையும் சேத்து ஒரே பெரிய காது மாதிரி கேட்டாங்க. வேகம் 160 பிட் வரைக்கும் போச்சு. பத்து மடங்கு சுருக்கினா ஒரு போட்டோ சுமார் ஒரு மணி நேரத்துல வந்துடும். திட்டமிட்ட ஆராய்ச்சில 70 சதவீதம் கிடைச்சதுன்னு நாசா சொன்னது சும்மா இல்ல.

ராத்திரிவானம்:
செமங்க! ஆனா மணிக்கணக்கா ஒவ்வொண்ணா அனுப்புறப்ப, யூரோப்பா பக்கத்துல வேகமா கடந்து போற நேரத்துல எடுத்ததெல்லாம் எங்க வச்சிருந்தாங்க?

கணக்குப்பிள்ளை:
டேப் ரெக்கார்டர்ல. நிஜ ரீல் டேப்பு, சுமார் 110 எம்பி பிடிக்கும். பறந்து போறப்ப அதுல பதிஞ்சு வச்சுட்டு, அடுத்த சுத்து வர்ற வரைக்கும் வாரக்கணக்கா மெதுவா கீழ அனுப்புவாங்க.

அந்த டேப்பும் வியாழனுக்குப் போய்ச் சேர ரெண்டு மாசம் இருக்கப்ப, 1995 அக்டோபர்ல ரீவைண்ட் பண்றப்ப மாட்டிக்கிச்சு. 15 மணி நேரம் மோட்டார் சுத்துது, டேப் நகரல. அறுந்துடுச்சுன்னே பயந்தாங்க, பாத்தா ஒட்டிக்கிட்டு இருந்திருக்கு. நம்ம காலத்துல கேசட் மாட்டினா பென்சில் விட்டு சுத்துவோம், அங்க எந்தப் பென்சிலு? அடி வாங்கின பகுதி மேல 25 சுத்து டேப்பை மேலாப்ல சுத்தி, இனிமே அந்தப் பக்கமே போகாதேன்னு ஓரங்கட்டிட்டாங்க. டிசம்பர் 7 அன்னிக்கு வியாழனுக்குள்ள இறங்கின, கலிலியோ கொண்டு போன குட்டிக் கலத்தோட தகவல்தான் முக்கியம்னு டேப்பை அதுக்கே ஒதுக்கி, அன்னிக்கு வியாழனோட இன்னொரு நிலாவான அயோவைக் கிட்டப் போய் எடுக்க வேண்டிய படத்தை மொத்தமா விட்டுட்டாங்க. அயோவைக் கிட்டத்துல படம் பிடிக்க 1999 அக்டோபர் வரைக்கும் காத்திருக்க வேண்டியதாப் போச்சு.