'முத்துக் குளிப்போர்' ஒப்பெரா: திருகோணமலை மண்டபத்தில் திரையிட உதவி தேவை

கடலோரன்:
பிரெஞ்சு இசையமைப்பாளர் பிசேயின் 'முத்துக் குளிப்போர்' (1863) ஒரு ஒப்பெரா, அதாவது முழுக்கப் பாடியே நடிக்கிற இசை நாடகம்; இலங்கைக் கரையில் நடக்கிற கதை. நியூயோர்க் மெட்ரோபொலிட்டன் ஒப்பெரா 2016 ஜனவரி 16இல் திரையரங்குகளுக்கு நேரடியாக அனுப்பின மேடையேற்றத்தின் புளூ-ரே தட்டை 80 பேருக்குப் போட வேணும். புரொஜெக்டரும் இரண்டு ஸ்பீக்கரும் இருக்கு. சோதிச்சுப் பார்த்தால் வாத்தியம் உரத்துக் கேக்குது, பாட்டு அடியில கிடக்குது. பிரெஞ்சில் பாடுறதின்ர பொருளைத் தமிழ் வரிகளாகவும் காட்ட வேணும்.

ஒலிப்பெட்டி:
ஸ்பீக்கரில் பிழையில்லை. தட்டில் 5.1 ஒலி (ஆறு தனித்தனி ஒலி வழிகள், அதாவது சனல்கள்) ஓடுது. பாடகர் குரலில் பெரும்பங்கு நடுச் சனலில் வரலாம்; எச்டிஎம்ஐ வயரில் (படமும் ஒலியும் சேர்ந்து போற வயர்) இருந்து ஒலியைப் பிரிக்கிற பெட்டி இடம், வலம் இரண்டை மட்டும் எடுத்தால் அந்தக் குரல் விழுந்துபோகும். தட்டின் ஒலி மெனுவில் ஸ்டீரியோ (இடம், வலம் இரண்டே சனல்) இருந்தால் அதையே போடுங்கோ. இல்லாட்டில் பிளேயரின் ஒலி அமைப்பில் பிற்ஸ்ட்ரீமை (ஒலியைப் பிரிக்காமல் அப்படியே அனுப்புறது) பிசிஎம்முக்கு (பிளேயரே பிரிச்சு அனுப்புறது) மாற்றி, எல்லாச் சனலையும் இரண்டாகக் கலக்கிற டவுன்மிக்ஸை ஸ்டீரியோவில் வையுங்கோ.

அடுத்தது வாயசைவு. புரொஜெக்டர் படத்தைப் பிந்தித் தரும், ஒலி முந்தும். கீஸ்டோன் திருத்தத்தை (சரிஞ்சு விழுற படத்தைச் சதுரமாக்கிற வசதி) நிப்பாட்டி, புரொஜெக்டரையே நேராக வைச்சால் தாமதம் குறையும். மிச்சத்துக்கு பிளேயரில் ஒலித் தாமதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கோ. 'ப', 'ம' ஒலியில் உதடு மூடுறதைப் பார்த்து, நடு வரிசையில் இருந்து சரிசெய்யுங்கோ. காற்றில் 10 மீற்றருக்கு ஒலி 29 மில்லிசெக்கன் எடுக்கும், முன்வரிசைக் கணக்குப் பின்வரிசைக்குச் சரிவராது.

வரிக்காரி:
தமிழ் வரிகளுக்குத் தட்டைத் தொட வேண்டாம். இரண்டாவது புரொஜெக்டரில், திரைக்கு மேலே, கறுப்பில் வெள்ளை எழுத்து ஸ்லைடுகள். ஒரு ஸ்லைடுக்கு இரண்டு வரிதான். ஒப்பெராவில் ஒரே வசனம் நாலைஞ்சு தரம் திரும்பும். முதற்தரம் மட்டும் காட்டி, பிறகு வெறும் கறுப்பு ஸ்லைடு விடுங்கோ. கையால் மாற்றுபவர் பிரெஞ்சு வரிகளும் இசைக்குறிப்பும் உள்ள தாளைப் பார்த்துக்கொண்டே மாற்ற வேணும், காதை மட்டும் நம்பினால் மூவர் சேர்ந்து பாடுற இடத்தில் தவறும். கதையின் நண்பர்களான நதீரும் சூர்காவும் பாடுற இருவர் பாட்டுக்கு எழுத்தைக் குறையுங்கோ. அதில் இசையே எல்லாத்தையும் சொல்லுது. இன்னொன்று: முத்துக் குளிப்பு நடந்தது மன்னார்க் கடலில. கதையில் கரைப் பாறையும் கோயிலும் வருது எண்டு திருகோணமலைக் கோணேசர் கோயிலை வரிகளுக்குள் கொண்டுவர வேண்டாம்.

ஒலிப்பெட்டி:
தொடக்க இசைக்கு கடலடியில் நீந்துற காட்சி, இருண்ட நீலம். சன்னலால் வெளிச்சம் வந்தால் ஒண்டுமே தெரியாது, 7 மணிக்குப் பிறகு தொடங்குங்கோ. முதல் அங்கத்தில் நதீர் தனியே பாடுற பாட்டு மிக மெல்லிசு, உயரத்தில் நிற்கும். அந்த நேரம் மின்விசிறியைக் குறையுங்கோ, ஒலியைக் கூட்டாதேங்கோ. வீட்டில் பார்க்க விற்கிற தட்டு பொதுத் திரையிடலுக்கு உரிமை தராது, வெளியிட்டவரிடம் எழுத்தில் அனுமதி எடுத்த பிறகே நாளைக் குறியுங்கோ.