கொக்கும் சாம்பல், காரியும் சாம்பல்

ஒரு ஜனவரியில் வேடந்தாங்கல் போயிருந்தேன். தூரத்தில் இருப்பதைக் கிட்டக் காட்டும் 70-300 லென்ஸ் வாங்கிப் பத்து நாள்கூட ஆகவில்லை, கண்ணில் பட்டதையெல்லாம் சுட்டுத் தள்ளிக்கொண்டிருந்தேன். ஏரிக்குள் நிற்கும் கடம்ப மரங்களில் உட்கார்ந்திருந்த கொக்குகளை மட்டுமே இருநூறு படம் எடுத்திருப்பேன். திரையில் பார்த்தால் எல்லாம் ஒரே கதை. இலை அழகாகத் தெரிகிறது, கொக்கு இருக்க வேண்டிய இடத்தில் சுண்ணாம்பைத் தெளித்த மாதிரி ஒரு வெள்ளைத் திட்டு, இறகு என்ற பேச்சே இல்லை.

பறவை பார்க்கும் கோபுரத்தில் பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர் எட்டிப் பார்த்தார். "தம்பி, கேமராவுக்குக் கொக்கும் தெரியாது, காக்காவும் தெரியாது. எதைக் காட்டினாலும் சாம்பல் நிறமாக்கத்தான் பார்க்கும். நீங்க காட்டினதுல முக்கால்வாசி இருட்டு மரம், அதை வெளுக்க வைக்கப்போய் கொக்கையும் கெடுத்துடுச்சு" என்றார். படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் பிளஸ் மைனஸ் பட்டனை அழுத்திச் சக்கரத்தை உருட்டி, மைனஸ் ஒன்றில் வைத்துக் கொடுத்தார். அடுத்த படத்தில் இறகு தனித்தனியாக வந்தது, கழுத்து வளைவில் விழுந்த நிழல்கூட. மரம் கொஞ்சம் கறுத்தது, கறுக்கட்டும். அதே கொக்கு வெளிச்சமான வானத்தில் பறந்தால் நேர்மாறு, பிளஸ் ஒன்று வைக்க வேண்டுமாம், ஷட்டர் வேகத்தை 1/1600 நொடி பக்கம் வைத்துக்கொண்டால் சிறகும் கலங்காது. வெளுத்துப்போன இடம் மட்டும் திரையில் கண்சிமிட்டுகிற மாதிரி மெனுவில் ஒன்று இருக்கிறது, அதையும் அவர்தான் போட்டுவிட்டார்.

முழு ஆட்டோவில் இந்த வேலை நடக்காது, கேமராவில் பி (P) அல்லது ஏ (A) மோடுக்கு வர வேண்டும். அப்புறம், சக்கரத்தைத் திருப்பிச் சைபரில் வைக்க மறந்து, மறுநாள் அக்கா பெண்ணின் பிறந்தநாளை முழுக்க இருட்டாக எடுத்து வைத்தேன். அக்கா இன்னும் சொல்லிக்காட்டுகிறாள்.

*

நான் வேறு ஆள், மதுரைப் பக்கம். கொக்குப் படம் எடுத்தவருக்கு விழுந்த இதே அடி எனக்கும், ஆனால் கறுப்பில். மாமா வீட்டில் ஒரு காரிக்காளை, அதாவது கறுப்புக் காளை, இருந்தது. மாட்டுப் பொங்கலன்று குளிப்பாட்டி, கொம்புக்கு வர்ணம் அடித்துக் கட்டியிருந்தார்கள். நானும் கிட்டப் போய் ஃபிரேம் முழுக்க மாடு நிறைகிற மாதிரி எடுத்துக் காட்டினேன். "என்னடா, என் காரியை மயிலையாக்கி வச்சிருக்க?" என்று மாமா கேட்டுவிட்டார். மயிலை என்றால் சாம்பல் நிற மாடு.

கறுப்பு மாடு, வெளிச்சம் பத்தவில்லை போலிருக்கிறது என்று நானாக நினைத்துப் பிளஸ் வைத்தேன். இன்னும் மோசம், பின்னால் இருந்த வைக்கோல் போர் காணாமலே போய்விட்டது. நிறையக் கறுப்பைப் பார்த்தால் கேமரா தானாகவே வெளிச்சத்தைக் கூட்டிவிடும், நாம்தான் குறைக்க வேண்டும் என்பது மண்டையில் ஏறவே அரை மணி நேரம் ஆனது. மைனஸ் ஒன்றில் சரியாக வரவில்லை, ஒன்றரை வைத்ததும் காரி காரியாகவே வந்தது. திமிலில் ஈரம் மினுங்கியது, கயிற்றைப் பிடித்து நின்ற மாமாவின் வெள்ளை வேட்டியில் மடிப்புகூடத் தெரிந்தது.