பத்து ரன், ஒரே எண்: சிமுலேஷனில் உங்களுக்கு நடந்தது?

தறிக்காரன்:
எம்.இ. ப்ராஜெக்ட், என்எஸ்-2 என்ற நெட்வொர்க் சிமுலேட்டர். எக்ஸ்பொனென்ஷியல் டிராஃபிக் (தற்செயல் எண்களால் ஏறி இறங்கும் டிராஃபிக்), பத்து ரன், ஒவ்வொரு பாக்கெட்டின் பதிவும் இருக்கும் டிரேஸ் ஃபைலை awk ஸ்கிரிப்டில் அலசிச் சராசரி எடுத்தாயிற்று. வைவாவில் அதனுடன் வரும் NAM என்ற அனிமேட்டரை ஓடவிட்டேன். நீலமும் சிவப்புமாகப் பாக்கெட்டுகள் ஓடி, வரிசை நிரம்பியதும் கீழே உதிர்ந்தன. எல்லோரும் ரசித்தார்கள். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் மட்டும் அட்டவணையில் பென்சிலை வைத்து, "தம்பி, பத்துக் கட்டத்திலும் ஒரே எண் இருக்கே?" என்றார். தற்செயல் எண்களைத் தொடங்கிவைக்கும் எண்ணான சீடை (seed) மாற்றாவிட்டால் அது எப்போதும் 12345தான், விடையும் ஒன்றேதான் என்று அப்போது எனக்குத் தெரியாது. மார்க் வந்தது, ஆனால் அந்தப் பென்சில் இன்னும் கண்ணில் நிற்கிறது. இதைத் திரையில் ஒரு வரி எச்சரிக்கையாகக் காட்டினால் என்ன?

கல்லணை:
எச்சரிக்கை எதற்கு தம்பி? அதே சீடு, அதே விடை என்பது பிழை தேடுவதற்கென்றே வைத்த வசதி. நானும் படத்தை நம்பித்தான் ஏமாந்தேன். சிமுலிங்க் என்ற சிமுலேஷன் மென்பொருளில் துள்ளும் பந்து, ஃபிக்ஸட் ஸ்டெப் (நேரம் சம அளவில் தாவும்), ஸ்டெப்பும் பெரிது. பந்து தரையைத் துளைத்துக்கொண்டு கீழே போனது.
இனிமேல் செய்பவர்களுக்குச் சொல்கிறேன். சீடு 0 கொடுத்தால் என்எஸ்-2 கடிகாரத்தைப் பார்த்து எடுத்துக்கொள்ளும், ஆனால் நாளைக்கு அதே ரன் திரும்ப வராது. அதனால் ஒவ்வொரு ரன்னுக்கும் வேறு எண்ணை நீங்களே கொடுத்து, அதை ரிப்போர்ட்டிலும் எழுதுங்கள். சராசரியோடு ஸ்டாண்டர்ட் டீவியேஷனும் போடுங்கள். அது பூஜ்யம் என்று வந்திருந்தால் தம்பிக்கு அன்றே தெரிந்திருக்கும். வரிசை காலியாகத் தொடங்குவதால் முதல் கொஞ்ச நேரத்துக் கணக்கையும் கழித்துவிடுங்கள்.

ஓபி_சீட்டு:
கல்லணை சொல்வதை முழுதாக ஏற்க மாட்டேன். படம் இல்லாமல் மாட்டியவள் நான். சிம்பை (SimPy) என்ற பைத்தான் சிமுலேஷன் லைப்ரரியில் மருத்துவமனை ஓபி வரிசை எழுதினேன். டாக்டரிடம் போனது ஒரே ஒரு நோயாளி. டாக்டரைக் கேட்கும் ரெக்வஸ்ட் எழுதினேன், அவரை விடுவிக்கும் ரிலீஸ் எழுதவில்லை, தானே விடுவிக்கும் with வரியும் போடவில்லை. பைத்தான் ஒரு பிழைகூடக் காட்டாமல் அமைதியாக முடிந்தது. இரண்டு நாள் தேடினேன். அரீனா என்ற சிமுலேஷன் மென்பொருள் மாதிரி திரையில் வரிசை வீங்குவதைப் பார்த்திருந்தால் இரண்டு நிமிட வேலை. 1960களில் ஓஸ்லோவில் டாலும் நிகார்டும் சிமுலா என்ற நிரல்மொழியை உருவாக்கியதே இப்படிப்பட்ட வரிசைகளை எழுதத்தான். மொழி எவ்வளவு நன்றாக இருந்தாலும் நடப்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

தறிக்காரன்:
கல்லணை அண்ணா, பழைய ஸ்கிரிப்ட் பென்டிரைவில் இருக்கிறது. இன்று ராத்திரி பத்து சீடு கொடுத்து ஓட்டப் போகிறேன்.