தொட்டி எலுமிச்சை: தழை மட்டும் வருகிறது, பூ இல்லை

மாடிச்செடி, மதுரை:
20 அங்குலத் தொட்டி, நட்டு 3 வருடம், முழு வெயில். தினமும் போர் தண்ணீர், வாரம் ஒருமுறை கடலைப்புண்ணாக்குக் கரைசல். தழை செழிப்பு, பூவே இல்லை. துளிரில் நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் இருக்கிறது. சில இலைகளில் வெள்ளிக்கோடு நெளிகிறது. என்ன செய்யலாம்?

மண்வெட்டி:
பூ வராததற்கு அந்தப் புண்ணாக்குதான் காரணம். வாராவாரம் தழைச்சத்து போனால் துளிர்விட்டுக்கொண்டே இருக்கும். 2 மாதம் நிறுத்துங்கள். எலுமிச்சைக்குக் காய்ச்சலும் பாய்ச்சலும் வேண்டும். தரையில் உள்ள மரத்துக்கு 2, 3 வாரம் தண்ணீர் நிறுத்துவார்கள். தொட்டி அவ்வளவு தாங்காது. மதியம் தொங்கிய இலை மாலையிலும் நிமிரவில்லை என்றால் அதுவே போதும். அன்றே அடித்துளையில் வழியும்வரை ஊற்றி, மறுநாள் 1 கிலோ மக்கிய தொழுவுரம், ஒரு பிடி மரச்சாம்பல் போடுங்கள்.
விதைக்கன்றா, ஒட்டா? விதைக்கன்று என்றால் 4, 5 வருடம் ஆகும்.

மாடிச்செடி, மதுரை:
ஒட்டுக்கன்று அண்ணா. ஒட்டுக்குக் கீழே நீள முள்ளோடு ஒரு கிளை வேகமாக வளர்கிறது.

மண்வெட்டி:
அது வேர்ச்செடியின் போத்து. தண்டோடு ஒட்ட அறுத்துவிடுங்கள். விட்டால் மேல்செடியை அமுக்கிவிடும்.

இலைக்காம்பு:
சாம்பல் வேண்டாம். உப்பான போர் தண்ணீரில் மண் ஏற்கெனவே காரம் ஏறியிருக்கும். சாம்பல் இன்னும் ஏற்றும். பதிலுக்கு சல்பேட் ஆஃப் பொட்டாஷ் (சாம்பல்சத்து தரும் உரம்) 10 கிராம் போடுங்கள்.
மஞ்சளுக்கும் இந்தக் காரமே காரணம். மண்ணில் சத்து இருந்தும் வேர் எடுக்க முடியாது, அதனால் இலைவழியாகத்தான் கொடுக்க வேண்டும். இலை சிறுத்துக் குறுகியிருந்தால் துத்தநாகக் குறை: 1 லிட்டரில் சிங்க் சல்பேட் 5 கிராம், நீற்றிய சுண்ணாம்பு 2.5 கிராம் தனித்தனியே கரைத்துக் கலந்து, வடிகட்டித் தெளியுங்கள். சுண்ணாம்பு சேர்க்காவிட்டால் கொழுந்து கருகும். இலை அளவு சரியாக இருந்து, மெல்லிய நரம்புகூடப் பச்சையாகத் தெரிந்தால் இரும்புக்குறை: 1 லிட்டரில் இரும்பு செலேட் 1 கிராம் கரைத்துத் தெளியுங்கள். மழைநீர் கிடைத்தால் தொட்டியை நன்றாக அலசிவிடுங்கள். ஆர்.ஓ. கழிவுநீரை ஊற்றவே கூடாது!

வேப்பங்கொட்டை:
நெளிகோடு இலைத்துளைப்பான் வேலை. புழு இலைத்தோலுக்கு அடியில் இருப்பதால் அதன் மேல் மருந்து படாது. அடுத்த துளிர் விரல்நுனி அளவு வரும்போதே வேப்பெண்ணெய் 3 மில்லி, சோப்புக்கரைசல் 1 மில்லி, 1 லிட்டர் தண்ணீரில் கலந்து, வெயில் தாழ்ந்தபின் வாரம் ஒருமுறை, 3 முறை அடியுங்கள். கோடு விழுந்த இலையையெல்லாம் பறித்துவிடாதீர்கள், அதுவும் செடிக்கு உணவு தயாரிக்கும். மஞ்சள் வளையத்தோடு சொரசொரப்பான பழுப்புப் புள்ளி தெரிந்தால் மட்டும் சொறி நோய். அந்தக் குச்சியை வெட்டி எரித்துவிடுங்கள்.