லிஸ்பனில் மூன்று நாள், அம்மாவுடன்: போய் வந்தவர்கள் வழி சொல்லுங்கள்

வணக்கம். அடுத்த மாதம் பெர்லினிலிருந்து லிஸ்பனுக்கு விமானத்தில் அம்மாவை அழைத்துப் போகிறேன். விமான நிலையத்தில் சிவப்புத் தட மெட்ரோ ஏறி, அலமேடாவில் பச்சைத் தடத்துக்கு மாறினால் நகர நடுவிலுள்ள ரோஸியோ. அதுவரை சரி.

கவலையெல்லாம் பழைய நகரப் பகுதியான அல்ஃபாமா மேடுதான். அம்மாவுக்கு முழங்கால் வலி. படி இறங்கும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு காலாகத்தான் வைக்கிறார். அங்கே நடைபாதையெல்லாம் வழுவழுப்பான சின்னச் சுண்ணாம்புக் கற்கள். அந்த மேட்டில் ஏறும் 28ஆம் எண் டிராமில் உட்கார இடம் கிடைக்க, அது புறப்படும் மார்டிம் மோனிஸில் காலை எத்தனை மணிக்கு நிற்க வேண்டும்?

அப்புறம், பெலேமில் ஜெரோனிமோஸ் மடம். 1498இல் கோழிக்கோட்டில் வந்திறங்கிய வாஸ்கோ ட காமாவின் கல்லறையைப் பார்த்தே ஆக வேண்டும் என்கிறார் அம்மா. பள்ளியில் வரலாறு நடத்தியவர். வரிசையில் வெகுநேரம் நிற்க வேண்டியிருக்குமா? பெரியவர்களோடு போனவர்கள் சொன்னால் பெரிய உதவி.