அப்பா பக்கத்தில் இல்லாமல் வளர்ந்த பையனுக்குப் பின்னால் உடம்பு பாதிக்குமா?

சங்ககிரிக்காரன்:
எனக்கு 34 வயதுங்க. போன மாதம் பிரஷர் 150/100 இருந்தது, மறுவாரமும் அப்படியே. "அப்பாவுக்கு பிரஷர் உண்டா?" என்று டாக்டர் கேட்டார், நான் முழித்தேன். அப்பா வடக்கு லைனில் லாரி ஓட்டியவர். இருபத்தைந்து நாளுக்கு ஒருமுறை வருவார், அழுக்குத் துணி மூட்டையை அம்மாவிடம் கொடுத்துவிட்டு இரண்டு நாள் தூங்குவார், மறுபடி லோடு. அவர்மேல் குறை இல்லை, அந்த ஓட்டத்தில்தான் நான் டிப்ளமோ முடித்தேன். இப்போது எனக்கே துபாயில் இரண்டு வருட கான்ட்ராக்ட் வந்திருக்கிறது. பையனுக்கு 11 வயது. போகலாமா?

மலைக்காத்து:
தம்பி, நான் ஏற்காட்டில் நர்ஸ். பிலிப்பைன்ஸில் சிபு பகுதியில் 1983இல் கர்ப்பிணிகளை வைத்துத் தொடங்கி, அந்தப் பிள்ளைகள் பெரியவர்களாகும் வரை தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். விடலைப் பருவத்தில் அப்பா கூட இருந்து வளர்ப்பில் ஈடுபட்ட பையன்களுக்கு, அவர்களே அப்பாவான பிறகு டெஸ்டோஸ்டிரோன் என்கிற ஆண் ஹார்மோன் குறைவாக இருந்ததாக 2022இல் கட்டுரை வந்தது. குறைவு என்றதும் பலவீனம் என்று நினைக்காதீர்கள். குழந்தை பிறந்ததும் ஆணுக்கு அது இறங்கும், குழந்தையைத் தினமும் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு இன்னும் இறங்கும் என்று 2011இலேயே அங்கே கண்டார்கள். அக்கறையாக இருக்க உடம்பு தயாராகிற விதம் அது. ஹார்வர்டில் 1950களில் படித்த பையன்களிடம் அப்பா அம்மா பாசம் எப்படி என்று கேட்டு வைத்து, 35 வருடம் கழித்துப் பார்த்ததில், பாசம் குறைவு என்றவர்களிடம் இதய நோய், பிரஷர், குடல்புண் அதிகமாக இருந்தன. அதற்காக உங்கள் பிரஷரை அப்பாமேல் போட முடியாது, உப்பும் தூக்கமும் மரபும் சேர்ந்துதான் வருகிறது. ஆனால் 11 வயது என்பது அந்த விடலைப் பருவத்தின் கதவைத் தட்டுகிற வயது, அதை யோசியுங்கள்.

கன்னங்குறிச்சி தறி:
எங்கப்பா தறி ஓட்டினார், அதிகம் பேச மாட்டார். சர்க்கரை வந்ததும் காலை ஐந்து மணிக்கு மூக்கனேரி வரை நடக்க ஆரம்பித்தார், எட்டாவது படித்த என்னையும் எழுப்பிக் கூட்டிப் போவார். ஒரு வார்த்தை அறிவுரை கிடையாது, செருப்புச் சத்தம் மட்டும்தான். திரும்பும்போது ஆளுக்கு ஒரு டம்ளர் ராகிக் கூழ். எனக்கு இப்போது 41, நடக்காத நாள் ஏதோ மறந்த மாதிரி இருக்கும். போகத்தான் வேண்டும் என்றால் போங்கள், தினமும் ஒரே நேரத்தில் வீடியோ காலில் உட்காருங்கள், மார்க் கேட்காதீர்கள்.

எஸ்டேட் பையன்:
வீட்டில் இருந்தால் மட்டும் போதாதுங்க. எங்கப்பா தினமும் வீட்டில்தான் இருந்தார், குடித்துவிட்டு. கேட் சத்தம் கேட்டாலே எனக்கு வயிறு பிசையும், இன்னும் அந்த வயிறு சரியாகவில்லை. காப்பிப் பழம் பறிக்கிற சீசனில் என்னைத் தோளில் தூக்கிப் போனது மாமாதான். கை யாருடையது என்பதைவிட அது நடுங்காமல் இருந்ததா என்பதுதான் முக்கியம்.

சங்ககிரிக்காரன்:
எல்லோருக்கும் நன்றிங்க. நேற்று அப்பாவிடம் கேட்டேவிட்டேன். நாற்பது வயதிலேயே பிரஷர் இருந்ததாம். நாக்பூர் பக்கம் வாங்கிய மாத்திரை அட்டையை வண்டியிலேயே வைத்திருந்தாராம், அம்மாவுக்கே தெரியாது. நாங்கள் பேசியதைப் பையன் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான், அப்புறம் தாத்தாவுக்கு மாத்திரை எத்தனை மணிக்கு என்று கேட்டான். துபாய்க்கு இன்னும் பதில் சொல்லவில்லை.